சொன்ன வேலையைச் செய்வாள்

சென்னை
12-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வானதி வணங்கி எழுதுவது. நான் இங்கே நலம். நீங்களும் மாமியும் அம்மாவும் நலமா? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று மாமியை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில் நான் கத்தியது விடுதி முழுக்கக் கேட்டது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. முப்பது வருஷம் மில் சத்தத்தில் உட்கார்ந்த காதைக் குறை சொல்லிப் பயனில்லை. “வாய்ப்பேச்சு ஏறமாட்டேங்குது, எழுதி அனுப்பு” என்றீர்கள். எழுதுகிறேன்.

நான் எம்.பி.ஏ.வுக்குக் குறிவைத்திருக்கும் கல்லூரி புனேயில் இருக்கிறது. எங்கள் கோச்சிங் சென்டரில் வைத்தியலிங்கம் என்று ஒரு சார். யாருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று கணித்துச் சொல்வதுதான் அவருக்கு வேலை. என் மதிப்பெண்களைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். தஞ்சாவூர் பி.காம். என்றதும் ஒரு கோடு போட்டார். வயது இருபத்தேழு என்றதும் இன்னொரு கோடு. பாபநாசத்தில் மாமாவின் அரிசி மில்லில் ஐந்து வருஷம் என்ன செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தார். ஈரம் பார்க்காமல் ஒரு மூட்டை நெல்லும் இறக்கக் கூடாது என்று நான் கொண்டுவந்த ஏற்பாடு, தரகர் இல்லாமல் நாகப்பட்டினம் கடைகளுக்கு நேரே அரிசி அனுப்பியது, புயல் வந்த வருஷம் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் தொட்டியில் ஊறிக் கிடந்த நெல்லைக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை இழுத்துவந்து காப்பாற்றியது, எல்லாவற்றையும் கேட்டார்.

“உங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதாம்மா. ஆனா இது மத்தவங்ககிட்ட இல்ல. நாலுல ஒரு பங்கு சான்ஸ் இருக்கு. இதை நீ சொன்னா நம்பமாட்டாங்க, உன் முதலாளி சொல்லணும்” என்றார்.

முதலாளி நீங்கள்தான் மாமா. கல்லூரியிலிருந்து உங்களுக்கு ஒரு படிவம் வரும். பத்துக் குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள், கடைசிக் கட்டம்தான் உயர்ந்தது. அதன் கீழே என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். நீங்கள் தமிழில் சொன்னால் ஜெராக்ஸ் கடை சித்தீக் அண்ணன் இங்கிலீஷில் அடித்து அனுப்பிவிடுவார். அது நேரே கல்லூரிக்குப் போகும், நான் பார்க்கக் கூடாது என்பது விதி.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வானதி

*

பாபநாசம்
27-8-2024

செல்வி வானதிக்கு மாமா ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் சுகம். உன் அம்மா மாத்திரை போடுகிறாள், மாமிதான் முழங்கால் தைலத்தைத் தவிர வேறு பேச்சில்லாமல் இருக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. விடுதிச் சோறு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

நிற்க. ஆற்றில் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. குறுவை போட்டவர்கள் எல்லாம் போர் வைத்திருப்பவர்கள். மில்லுக்கு நெல் வர இன்னும் நாளாகும்.

உன் சார் நாலில் ஒன்று என்கிறார். அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் ஒரு கைப்பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, நொய் எத்தனை விழும் என்று சொல்லிவிடுவேன். மனுஷரை அப்படித் தேய்த்துப் பார்க்க முடியுமா? இருக்கட்டும். அவர் வாங்குகிற பீஸுக்கு ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

படிவம் வரட்டும், எழுதிக் கொடுக்கிறேன். அதில் என்ன பிரமாதம். இங்கே வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனவள், படிப்பைப் பார்.

சாரங்கபாணி

*

சென்னை
6-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வானதியின் வணக்கம். நான் சுகம். சோறு பழகிவிட்டது, சாம்பார் மட்டும் பழகவில்லை. மாமியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீங்கள் படிவத்தை அனுப்பிவிட்டதாகக் கல்லூரியிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. மெரினாவுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதே இல்லை மாமா. பன்னிரண்டாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட “பரவாயில்ல” என்றீர்கள். ஜெனரேட்டர் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்தபோது “டீசல் எவ்வளவு ஆச்சு” என்று கேட்டீர்கள். இப்போது ஒரு பக்கம் முழுக்க என்னைப் பற்றி எழுதி எங்கேயோ அனுப்பியிருக்கிறீர்கள். என்ன எழுதினீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை. ஆனால் ஆசையாக இருக்கிறது.

மாதிரித் தேர்வுகளில் நன்றாக வருகிறது. வைத்தியலிங்கம் சார் இப்போது மூன்றில் ஒன்று என்கிறார்.

அன்புடன்,
வானதி

*

பாபநாசம்
21-11-2024

செல்வி வானதிக்கு,

மாமா ஆசீர்வதித்து எழுதுவது. அனைவரும் சௌக்கியம். தீபாவளிக்கு நீ வரவில்லை என்று உன் அம்மாவுக்குக் குறை. அதிரசம் டப்பாவில் அப்படியே இருக்கிறது.

மழை விடவில்லை. குறுவை நெல் ஈரத்தோடு வந்து இறங்குகிறது. சதீஷ் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். மேனேஜரோடு ஒத்துவரவில்லையாம். எங்கே போனாலும் என் மகனுக்கு மேனேஜரோடு ஒத்துவராது. உன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஈரம் பார்க்கிற மெஷினை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் இரண்டு கடைக்காரர்கள் நொய் அதிகம் என்று மூட்டையைத் திருப்பிவிட்டார்கள். “அந்தப் பொண்ணு எப்ப வரும்” என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

தேர்வை நன்றாக எழுது. முடிந்ததும் ஒரு வாரம் வந்து இங்கே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போ.

சாரங்கபாணி

*

சென்னை
9-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் மாமிக்கும் அம்மாவுக்கும் சதீஷுக்கும் பொங்கல் வாழ்த்து. நான் நலம்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்கு மேலே நான் இருக்கிறேன். புனேக்காரர்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிப்ரவரி கடைசியில் போக வேண்டும். வைத்தியலிங்கம் சார் என் தாளில் முன்பு போட்ட கோடுகளை எல்லாம் அழித்துவிட்டார். “இனிமே ரெண்டுல ஒண்ணு. உங்க மாமா எழுதினது நல்லா இருந்தா, அதுக்கும் மேல” என்றார். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் சார் என்று சொன்னேன்.

மாமா, எனக்கு இது வேண்டும். இதுவரை நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அப்பா இறந்த பிறகு எங்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டீர்கள், அந்த நன்றியில் எதைக் கேட்பதற்கும் கூச்சமாகவே இருந்துவிட்டது. இதை மட்டும் வெட்கமில்லாமல் கேட்கிறேன். சாமியைக் கும்பிடும்போது எனக்காகவும் கும்பிடுங்கள்.

வானதி

*

பாபநாசம்
24-1-2025

செல்வி வானதிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம்.

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. மாமி உன் போட்டோவுக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

போய் வா. கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அதற்காக அழாதே. மில் எங்கும் போகவில்லை. சம்பா அறுவடைக்கு வந்துவிட்டால் நல்லது. உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

சாரங்கபாணி

*

சென்னை
4-3-2025

மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேர்காணல் முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பத்து நிமிஷம் நான் நன்றாகப் பேசினேன், அது எனக்கே தெரிந்தது. ஜெனரேட்டர் கதையைச் சொன்னபோது நடுவில் இருந்த அம்மையார் சிரித்தார், எத்தனை மூட்டை தப்பியது என்று கேட்டார். ஓரத்தில் இருந்தவர் மட்டும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, “நீங்க சொல்றது ஒண்ணா இருக்கு, உங்க முதலாளி எழுதியிருக்கிறது வேறயா இருக்கு” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் படித்துக் காட்டினார். நாலு வரிதான் என்பதால் மனதில் நின்றுவிட்டது. தமிழில் எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

“வானதியைச் சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சுமாரான பெண். சொன்ன வேலையைச் செய்வாள். தவறுகள் செய்வதுண்டு, எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வாள். பெரிய பொறுப்பு எதுவும் அவளிடம் கொடுத்துப் பார்த்ததில்லை.”

பத்துக் குணங்களுக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டிருந்ததாம். நேர்மைக்கும் நடுக்கட்டம். ஐந்து வருஷத்தில் உங்களுக்குத் தெரியாமல் நான் ஒரு கைப்பிடி அரிசி எடுத்தேனா மாமா?

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அந்த அம்மையார் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் கதையை நான் கட்டிச் சொன்னதாக அவர் நினைத்திருப்பார்.

சித்தீக் அண்ணன் அடிக்கும்போது ஏதாவது மாறிப்போயிருக்குமா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுதுங்கள். போதும்.

வானதி

*

பாபநாசம்
17-4-2025

செல்வி வானதிக்கு,

மாமா எழுதுவது. சம்பா நெல் மலையாக வந்து குவிந்ததில் உடனே எழுத முடியவில்லை. மாமிக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பு தேவலை.

சித்தீக்கின் மேல் பழி போடாதே. நான் சொன்னதைத்தான் அவன் அடித்தான். “இது போதுமாண்ணே, இன்னும் கொஞ்சம் நல்லா சொல்லுங்களேன்” என்று அவனே கேட்டான். போதும் என்று சொன்னேன்.

நம் வீட்டுப் பிள்ளையை நாமே தூக்கிவைத்துப் பேசுகிற பழக்கம் நம்மிடம் உண்டா? யோசித்துப் பார். பிள்ளை கொழுகொழு என்று இருந்தால் இளைத்துவிட்டது என்றுதான் சொல்வோம். விளைச்சல் நன்றாக இருந்தால் ஏதோ சுமார் என்போம். கண் பட்டுவிடும் என்கிற பயம். ஊர் பேர் தெரியாத மூன்று பேர் முன்னால் என் தங்கை மகளைப் பிரமாதம் என்று எழுதினால் யார் கண் எப்படியோ. தவிரவும் மாமனே எழுதினால் சொந்தக்காரன் புளுகுகிறான் என்று நினைப்பார்கள். நடுக்கட்டம் என்பது நல்ல கட்டம். மேலும் இல்லை, கீழும் இல்லை. மில்லில் முப்பது வருஷமாக நெல்லை நான் அப்படித்தான் மதிப்புப் போடுகிறேன்.

அவர்களுக்கு நம் பழக்கம் தெரியவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது. மனதில் வைத்துக்கொள்ளாதே. வெயில் அதிகமாக இருக்கிறது, மோர் குடி.

சாரங்கபாணி

*

சென்னை
20-5-2025

மாமாவுக்கு வணக்கம்.

இடம் கிடைக்கவில்லை. போன வாரம் தெரிந்தது.

கண் படும் என்பதற்காகச் சுமார் என்று எழுதினீர்கள், சரி, அதை நம்பிவிடுகிறேன். மாமி நான் பட்டுப்பாவாடை கட்டினால்கூட அப்படித்தான் சொல்வாள். ஆனால் “பெரிய பொறுப்பு எதுவும் அவளிடம் கொடுத்துப் பார்த்ததில்லை” என்று ஒரு வரி இருக்கிறதே, அது எந்தக் கண்ணுக்குப் பயந்து எழுதியது? உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். நீங்கள் மூல ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூரில் ஒரு மாதம் படுத்திருந்தபோது மில்லின் சாவி யாரிடம் இருந்தது மாமா?

நான் போய்விட்டால் உங்களுக்கு ஆள் இல்லை. அதுதான் விஷயம். அதை என்னிடம் சொல்லியிருந்தால் இன்னொரு வருஷம் இருந்திருப்பேன், அந்த அளவுக்கு முட்டாள் நான். சொல்லாமல் காலை வாரிவிட்டீர்கள்.

வைத்தியலிங்கம் சாரிடம் மறுபடியும் போனேன். அடுத்த வருஷம் எழுதினால் என்ன வாய்ப்பு என்று கேட்டேன். பழைய தாளை எடுத்துப் பார்த்தார். ஆறில் ஒன்று என்றார். மார்க் அதே மார்க்தான், ஆனால் ஐந்து வருஷம் வேலை செய்ததற்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

சம்பாவுக்கு வரவில்லை, குறுவைக்கும் வரமாட்டேன்.

வானதி

*

பாபநாசம்
2-7-2025

செல்வி வானதிக்கு மாமா ஆசீர்வாதம். நாங்கள் யாவரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடவும். இந்த வருஷம் தண்ணீர் நேரத்தோடு வந்தது. எங்கு பார்த்தாலும் நடவு.

நடந்தது நடந்துவிட்டது. அதையே பிடித்துக்கொண்டிருந்தால் உறவு என்று எதற்கு இருக்கிறது. இப்போது ஒரு நல்ல காரியம்.

சதீஷுக்குத் திருச்சியில் ஒரு இடம் வந்திருக்கிறது. பெண்ணின் தகப்பனார் துரைக்கண்ணு, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறது. பெண் எம்.பி.ஏ. படித்தவள், மில்லுக்கும் உதவியாக இருக்கும். ஆனால் வாத்தியார் ஆள், எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். “பையனோட கூட வேலை பாத்தவங்க யாராச்சும் நாலு வரி எழுதித் தரட்டும்” என்கிறார். நீயும் அவனும் மில்லில் சேர்ந்து வேலை பார்த்தீர்கள், நீ எழுதுவாய் என்று நான் சொல்லிவிட்டேன்.

கஞ்சத்தனம் பண்ணாமல் எழுது. பையன் தங்கம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, மில் முழுக்க அவன் பொறுப்பில்தான் நடக்கிறது என்று எழுது. ஈரம் பார்த்து நெல் இறக்குகிற ஏற்பாடு அவன் கொண்டுவந்தது, நாகப்பட்டினம் கடைகளை நேரே பிடித்தது அவன் என்று ஒரு வரி போடு. அந்த ஜெனரேட்டர் விஷயத்தையும் அவன் பேரில் சேர்த்துக்கொள், கேட்பதற்கு நன்றாக இருக்கும். இதெல்லாம் கல்யாணத்துக்கு வழக்கமாகச் சொல்வதுதான். அடியில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதைத்தான் அவர் பார்ப்பார். அவர் முகவரி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

சாரங்கபாணி

*

சென்னை
11-7-2025

மாமாவுக்கு,

வணக்கம். நலம். ஆவணியில் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன், வீடு பார்த்துவிட்டேன். இத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்றியதற்கு நன்றி.

நம் வீட்டுப் பிள்ளையை நாமே தூக்கிவைத்துப் பேசும் பழக்கம் நம்மிடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கண் பட்டுவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு துரைக்கண்ணு ஐயாவுக்கு எழுதிவிட்டேன்:

“ஐயா, சதீஷைச் சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சுமாரான பையன். சொன்ன வேலையைச் செய்வான். தவறுகள் செய்வதுண்டு, எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வான். பெரிய பொறுப்பு எதுவும் அவனிடம் கொடுத்துப் பார்த்ததில்லை.”

இதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை, எல்லாம் உங்களுடையவை. கடைசி வரி மட்டும் இந்த முறை உண்மை.

சதீஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவனுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். அதனால் இதை நான் திருச்சிக்கு அனுப்பவில்லை. கையெழுத்துப் போட்டு, உறையில் முகவரி எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். உறையை மட்டும் மூடவில்லை. ஒரு பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது என்று இன்னமும் நினைக்கிறீர்கள் என்றால், நீங்களே ஒட்டிப் போடுங்கள்.

சித்தீக் அண்ணன் கடைக்கு எதிரிலேயே தபால் பெட்டி இருக்கிறது.

வானதி